கரையோரம் இழந்த துவக்கு

2023ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு பொருட்கள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு பீரங்கி, இரண்டு வாள்கள், ஒரு கத்தி, இரண்டு பெரிய துவக்குகள். கண்டி அரண்மனையிலிருந்து டச்சுக்காரர் கொண்டுபோய், ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தவை. பத்திரிகைகள் எல்லாம் பீரங்கியைப் பற்றியே எழுதின. வெண்கலத்தில் பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கல்லும் பதித்து, சூரியனும் பிறையும் சிங்கமும் பொறித்த பீரங்கி அது, எழுதத்தான் வேண்டும். ஆனால் கண்டிக் கைவினைஞனின் தனித்தன்மையைத் தேடுகிறவர்கள் துவக்குகளிடம்தான் போக வேண்டும்.

துவக்கு இந்தத் தீவின் பண்டமல்ல. 1505க்குப் பிறகு போர்த்துக்கேயரோடு வந்தது. வந்ததை அப்படியே வாங்கித் தோளில் சாத்திக்கொள்ளவில்லை நம்மவர்கள். பிரித்துப் பார்த்தார்கள், குழலைத் தாங்களே அடித்தார்கள். கோவாவில் இருந்துவிட்டுப் போன டச்சுக்காரர் லின்சோட்டன் 1596இல் வெளியிட்ட நூலில், சிங்களக் கொல்லர் செய்யும் துவக்குக் குழல்கள் வெள்ளிபோல மின்னுகின்றன என்று வியக்கிறார். அந்தக் கொல்லர்கள் துவக்கைக் கையில் எடுத்து நூறாண்டுகூட ஆகாத காலம் அது!

குழலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதைத் தாங்கும் மரக்கட்டை. தீக்கல்லைத் தட்டிப் பொறி பறக்கவிடும் பூட்டு ஐரோப்பியத் துவக்குகளில் வழக்கமாக வலப்பக்கம் இருக்கும். கண்டித் துவக்கில் அது இடப்பக்கம். ஆகவே மரத்தையும் அதற்கேற்ப வேறு விதமாகக் குடைய வேண்டும். குழல் படுக்கும் பள்ளம் துளி ஆழம் கூடினால் குழல் ஆடும். குறைந்தால் வெடியின் அதிர்ச்சி ஓரிடத்தில் குவிந்து மரம் பிளக்கும். பொருத்தி எடுத்து, உரசிய தடம் பார்த்து, அந்த இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி பொருத்த வேண்டும். பொறுமை கெட்டால் நல்ல மரம் விறகுதான். இவ்வளவும் முடிந்த பிறகே அலங்காரம். கட்டையின் அடி இரண்டாகப் பிரிந்து சுருளும். அதில் கொடிக்கருக்கு வேலை, தந்தம், வெள்ளித் தகடு. இந்தக் கைவினை மரபுகளை ஆனந்த குமாரசுவாமி 1908இலேயே பெருநூலாகப் பதிவு செய்தார்.

இந்தத் துவக்குகள் கண்டியை விட்டுப் போன கதைக்குள் புத்தளமும் வருகிறது. மலைநாட்டு அரசனுக்குக் கடலைக் காண மிஞ்சியிருந்த சில வாசல்களில் புத்தளம் ஒன்று. களப்பில் விளைந்த உப்பு பொதிமாடுகளில் மலை ஏறியது, பாக்கு இறங்கியது. அந்த வாசலைக் காவல் காக்கத்தான் டச்சுக்காரர் கற்பிட்டியில் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். மதுரை நாயக்க வழி வந்த கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் டச்சுக்காரரோடு பகை முற்றியது. 1765 பெப்ரவரியில் டச்சு ஆளுநர் வான் எக்கின் படை கண்டிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது. மறு ஆண்டு, 1766 பெப்ரவரி 14இல் எழுதிய உடன்படிக்கையில் புத்தளமும் சிலாபமும் சேர்ந்த கரை முழுவதும் டச்சுக் கம்பெனி வசமானது. அரண்மனையின் ஆயுதங்களும் புத்தளத்தின் கரையும் ஒரே போரில் போனவை. இரண்டையும் தனித்தனிக் கதையாகச் சொல்வது சரியில்லை.

கொள்ளைப்பொருள் நெதர்லாந்து போய்ச் சேர்ந்தது. அங்கே பீரங்கியின் ஊர்கூட மறந்துபோய், வேறெங்கோ பிடித்த போர்ப்பொருள் என்று நெடுங்காலம் எழுதி வைத்திருந்தார்கள். கண்டியினது என்று பின்னரே தெளிந்தது. திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம் 2023 ஓகஸ்ட் 28இல் கொழும்பில் கையெழுத்தானது. இரண்டரை நூற்றாண்டு தாமதமானாலும், டச்சு அரசு செய்தது சரியான காரியம்.

புத்தளம், கற்பிட்டி, சிலாபம் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கொழும்புக்குச் சுற்றுலா கூட்டிப்போகும்போது பீரங்கியோடு திரும்பிவிடாதீர்கள். துவக்குகளின் முன்னால் நிறுத்துங்கள். பூட்டு எந்தப் பக்கம், மரமும் இரும்பும் எப்படிச் சேர்கின்றன என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும். பிறகு, அதே போரில் நம் கரை போன கதையையும் அங்கேயே சொல்லுங்கள்.