நாக்குக்குக் கீழே ஒரு நூல்



பி.காம் படிக்கிற ஒருவன் ஒரு நாளைக்கு எத்தனை முறை "வரவு" என்று சொல்ல வேண்டியிருக்கும்? எனக்கு அந்த வார்த்தை வராது. "வலவு" என்றுதான் வரும். முதல் வருட செமினாரில் எழுந்து நின்று "வலவு செலவுக் கணக்கு" என்று ஆரம்பித்தேன். அன்றிலிருந்து வகுப்பில் என் பெயரே "வலவு" ஆகிவிட்டது. (பெயர் வைத்த புண்ணியவான் இதைப் படிப்பான் என்று தெரியும். நல்லா இரு மச்சி :) )

சின்ன வயதில் பள்ளியில் ஒரு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "பையனுக்கு நாக்கு அடியில ஒட்டியிருக்கு. அறுத்துவிட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொன்னார். அப்பா பயந்துபோய் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதனால்தான் எனக்கு 'ர' வரவில்லை என்பது எங்கள் வீட்டில் இன்று வரை அசைக்க முடியாத நம்பிக்கை.

இப்போது அக்காவுக்குப் பையன் பிறந்திருக்கிறான். மூன்று வாரம் ஆகிறது. அவனுக்கு நிஜமாகவே நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. அழும்போது பார்த்தால் நாக்கு நுனி இதய வடிவத்தில் நடுவில் குழிந்து தெரிகிறது. உடனே வீட்டில் மாநாடு கூடிவிட்டது. "அறுத்துவிட்ருங்க, இவனும் மாமன் மாதிரி ஆயிரக் கூடாது" என்கிறார் அம்மா. "வசம்பைச் சுட்டு நாக்குல தடவுனா எல்லாம் வரும்" என்கிறார் அப்பத்தா. நான்தான் அந்த 'மாமன்' என்பதால் கருத்து சொல்லும் தகுதி எனக்கு இல்லையாம். சரி, வீட்டில் சொல்ல முடியாததை இங்கே எழுதலாம் என்று தேடிப் படித்ததில், இந்தச் சின்ன நூலுக்குப் பின்னால் இரண்டாயிரம் வருடச் சரித்திரம் இருப்பது தெரிந்தது.

நூல் என்றால் என்ன?

கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள். நாக்கின் அடிப்பக்கத்துக்கும் வாயின் தரைக்கும் நடுவில் ஒரு மெல்லிய மடிப்பு தெரியும். எல்லோருக்கும் அது உண்டு. சிலருக்கு அது குட்டையாகவோ நுனி வரைக்கும் நீண்டோ இருந்து நாக்கின் அசைவைத் தடுக்கும். அதைத்தான் நாக்கு ஒட்டியிருக்கிறது என்கிறோம். மருத்துவப் பெயர் ஆங்கிலோகுளோசியா. பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 4 முதல் 10 பேருக்கு இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆண் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம்.

நாக்கு எப்படி அசைந்தால் என்ன எழுத்து பிறக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நாக்கு நுனி மேலே உயர்ந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று அதில் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறார். அரிஸ்டாட்டிலும் விலங்குகளின் உறுப்புகள் பற்றிய நூலில் இதற்குப் பக்கத்தில் வருகிறார். மனித நாக்கு மற்ற பிராணிகளுடையதை விட விடுபட்டும் அகன்றும் இருப்பதால்தான் பேச்சு வருகிறது, போதுமான அளவு விடுபடாதவர்களுக்குப் பேச்சு குழறும் என்கிறார்.

ஆக "நாக்கு கட்டுப்பட்டிருந்தால் பேச்சும் கட்டுப்படும்" என்பது கேட்டதும் நம்பத் தோன்றும் கருத்து. சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

செல்சஸ் பார்த்த ஆள்

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் செல்சஸ் என்று ஒருவர் மருத்துவம் பற்றிப் பெரிய நூல் எழுதினார். இவர் மருத்துவரே இல்லை, பல துறைகளைத் தொகுத்து எழுதியவர் மட்டும்தான் என்று சொல்பவர்களும் உண்டு. (காமர்ஸ் படித்துவிட்டு நாக்கைப் பற்றி எழுதுகிற எனக்கு நல்ல முன்னோடி!)

பிறவியிலேயே நாக்கு ஒட்டியவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் விளக்குகிறார். நாக்கு நுனியை இடுக்கியால் பிடித்துத் தூக்கி, அடியில் உள்ள சவ்வை வெட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் ரத்தக் குழாய்களில் கத்தி பட்டுவிடக் கூடாது. இது வரை சாதாரணக் குறிப்புதான். அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம். புண் ஆறியதும் பெரும்பாலானோர் பேசிவிடுகிறார்கள். ஆனால் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு வெட்டிய பிறகு நாக்கு பல்லைத் தாண்டி நன்றாக வெளியே வந்தும் பேச்சு மட்டும் வரவே இல்லை என்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் வைத்தியம் பலிக்காத கேஸையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். நாக்கு அசைவது வேறு, பேச்சு வருவது வேறு என்பதற்கான முதல் சாட்சி அது. ஆனால் பின்னால் வந்த பலரும் வெட்டும் முறையை எடுத்துக்கொண்டு, அந்த ஆளை மறந்துவிட்டார்கள்.

ஆயிரம் வருடத்துக்கு முன் ஸ்பெயினின் கொர்தோபாவில் இருந்த அறுவை மருத்துவர் அல் சஹ்ராவியும் இந்த வெட்டை விவரித்திருக்கிறார். ஆழமாக வெட்டினால் ரத்தம் நிற்காது என்று எச்சரிக்கிறார். வெட்டிய இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இரவில் நாக்குக்கு அடியில் லினன் துணித்திரி வைக்கச் சொல்கிறார்.

ஐரோப்பாவில் இத்தனை ஏற்பாடெல்லாம் இல்லாமலும் இது நடந்தது. அங்கே மருத்துவச்சிகள் ஒரு விரலின் நகத்தை மட்டும் நீளமாகக் கூர்மையாக வளர்த்து வைத்திருப்பார்கள். குழந்தை பிறந்ததும் அந்த நகத்தாலேயே நூலைக் கிழித்துவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டு வரை இந்த வழக்கம் இருந்தது. கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம். நினைத்தாலே எனக்கு நாக்கு கூசுகிறது.

ராஜா வீட்டுப் பிள்ளை

எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். 1601 செப்டம்பர் 27 அன்று பிரான்சில் ஓர் இளவரசன் பிறந்தான். பின்னாளில் பதின்மூன்றாம் லூயி மன்னன். ஜான் எரோவார் என்கிற அரண்மனை மருத்துவர் அந்தக் குழந்தை சாப்பிட்டது, தூங்கியது, அழுதது எல்லாவற்றையும் தினமும் டைரியில் எழுதி வந்தார். நமக்கு அது பெரிய பொக்கிஷம்.

பிறந்த சில நாட்களிலேயே குழந்தை பால் குடிக்கச் சிரமப்படுவதை அவர் கவனித்தார். வாயைத் திறந்து பார்த்தால் காரணம் நாக்கு நூல். ராஜாவின் அறுவை மருத்துவர் கியமோ மாலை ஐந்து மணிக்கு வந்து மூன்று தடவையாக அதை வெட்டிவிட்டார். இதுவும் டைரியில் இருக்கிறது.

சரி, நூலை வெட்டியாயிற்று. இளவரசன் கணீரென்று பேசினானா? இல்லை! பதின்மூன்றாம் லூயி சாகும் வரை திக்கித் திக்கித்தான் பேசினார். ஒரு நாட்டின் ராஜா, பெரிய மருத்துவர்கள், உரிய காலத்தில் வெட்டு, எல்லாம் இருந்தும் திக்கு போகவில்லை. காரணம் எளிது. திக்குவது நாக்கின் அடியில் இருக்கும் நூலால் வருவதில்லை. அது மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தோடு தொடர்புடையது என்று இன்று தெரியும். அன்று யாருக்கும் தெரியாது.

இங்கே கவனியுங்கள். எரோவார் எழுதியபடி நூலை வெட்டியது பேச்சுக்காக அல்ல, பாலுக்காக. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் அடுத்த கூத்து.

1841: பெர்லின் பைத்தியம்

பெர்லினில் டீஃபன்பாக் என்று புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1839ல் மாறுகண் உள்ளவர்களின் கண் தசையை வெட்டிச் சரிசெய்து காட்டினார். ஐரோப்பாவே மெச்சியது. உடனே அவருக்கு ஒரு யோசனை. கண் தசையின் இழுப்பை வெட்டிச் சரிசெய்யலாம் என்றால், திக்குவாயும் தசை இழுப்புதானே, நாக்கை வெட்டினால் என்ன?

1841ல் வெட்டியே விட்டார். நூலை அல்ல, நாக்கின் வேர்ப்பகுதியையே குறுக்காக வெட்டினார். சிலருக்கு ஆப்பு வடிவத்தில் சதையையே எடுத்தார். அறுவையில் ஈதர் மயக்கம் பிரபலமானது 1846ல்தான். அதாவது இதெல்லாம் முழு நினைவோடு இருந்தவர்களின் வாயில் நடந்தது. சில வாரங்களிலேயே பிரான்ஸ், இங்கிலாந்து மருத்துவர்களும் ஆளுக்கொரு முறை கண்டுபிடித்துப் போட்டி போட்டார்கள். ஒருவர் நூலடியை வெட்ட, இன்னொருவர் உள்நாக்கையும் டான்சிலையும் வெட்டினார். வலியிலும் பயத்திலும் சிலர் கொஞ்ச நாள் திக்காமல் பேசினார்கள், அது வெற்றி என்று பத்திரிகையில் வந்தது. பிறகு திக்கு திரும்பி வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். அந்த ஒரே வருடத்தில் ஆரம்பித்த மோகம் அந்த வருடத்தோடு கிட்டத்தட்ட ஓய்ந்தும் போனது.

இழப்புக் கணக்கு யார் ஏட்டிலும் சரியாக எழுதப்படவில்லை. லாபம் மட்டும் முன்பக்கத்தில். (காமர்ஸ் புத்தி, மன்னிக்கவும்.)

மறந்ததும் திரும்பி வந்ததும்

20ஆம் நூற்றாண்டில் புட்டிப்பால் பரவியது. புட்டியில் பால் தானாகவே ஒழுகும், நாக்குக்கு வேலை குறைவு. அதனால் நாக்கு ஒட்டு ஒரு பிரச்சினையே இல்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடம் பரவியது. தாய்ப்பாலின் அருமை மறுபடி உணரப்பட்டபோது நாக்கு நூலும் திரும்பி வந்தது.

தாய்ப்பால் குடிக்க நாக்குக்கு நிறைய வேலை. கீழ் ஈறைத் தாண்டி வந்து மார்பைப் பிடிக்க வேண்டும். பிறகு நாக்கு கீழே இறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகி பால் வருகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008ல் அல்ட்ராசவுண்ட் வைத்து இதைக் காட்டினார்கள். நாக்கு நீளவில்லை என்றால் குழந்தை ஈறால் கடிக்கும். தாய்க்குக் காம்பில் புண், குழந்தைக்கு அரைவயிறு. எங்கள் அக்கா அழுதது இதனால்தான். நாங்கள் எல்லோரும் பேச்சைப் பற்றி மாநாடு நடத்திக்கொண்டிருந்தோம், வலியைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் வெட்டிவிடலாமா? அமெரிக்காவில் அப்படித்தான் போனது. அங்கே குழந்தைகளின் மருத்துவமனைப் பதிவுகளில் 1997ல் 3,934 ஆக இருந்த நாக்கு ஒட்டு, 2012ல் 32,837 ஆனது. வெட்டுகள் 1,279ல் இருந்து 12,406 ஆயின. பதினைந்து வருடத்தில் குழந்தைகளின் நாக்கு மாறியிருக்காது. பார்க்கிற கண்தான் மாறியிருக்கும். 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதன் பின்னால் உள்ள வியாபாரம் பற்றி நீண்ட விசாரணைக் கட்டுரையே வெளியிட்டது. பிரேசிலில் 2014ல் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் நாக்குச் சோதனை கட்டாயம் என்று சட்டமே போட்டார்கள்.

ஆய்வுகள் இதைவிட நிதானமாகப் பேசுகின்றன. 302 குழந்தைகள் அடங்கிய ஐந்து ஆய்வுகளை அலசிய 2017 காக்ரேன் அறிக்கை, வெட்டினால் தாயின் வலி கொஞ்ச காலத்துக்குக் குறைகிறது, குழந்தை பால் குடிப்பதில் எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி முன்னேற்றம் தெரியவில்லை என்றது. நாக்கு ஒட்டியிருக்கும் குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2024 அறிக்கை. பிற்காலத்தில் பேச்சு கெட்டுவிடும் என்று இப்போதே வெட்டுவதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நாக்கு ஒட்டு கடுமையாக இருந்தால் சில எழுத்துகள் தெளிவாக வராமல் போகலாம், ஆனால் பேச ஆரம்பிப்பதே அதனால் தாமதமாகாது.

இன்னொரு வேடிக்கை, அது நூலே இல்லையாம்! 2019ல் நியூசிலாந்து மருத்துவர் நிக்கி மில்ஸ் குழுவினர் கூறுபோட்டுப் பார்த்து, அது தனி நூலல்ல, வாயின் தரையில் விரிந்திருக்கும் சவ்வு நாக்கைத் தூக்கும்போது மடிப்பாக எழுந்து நிற்பதுதான் என்று காட்டினார்கள். நாக்குக்கு உணர்வு தரும் நரம்புக் கிளைகள் அதற்கு மிக அருகில் ஓடுகின்றன. ஆழமாக வெட்டக் கூடாது என்று செல்சஸும் அல் சஹ்ராவியும் சொன்னது சும்மா இல்லை.

வீட்டில் என்ன ஆனது?

போன வாரம் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் அக்கா பால் கொடுப்பதைப் பார்க்கச் சொல்லி நர்ஸை அனுப்பினார். குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றி மூன்று நாள் பார்த்தார்கள். எடை ஏறவில்லை, வலியும் போகவில்லை. அதன் பிறகு கத்தரிக்கோலால் ஒரே வெட்டு, சில நொடிதான். இரண்டு சொட்டு ரத்தம். உடனே பால் குடித்தான். அக்கா முகத்தில் மூன்று வாரத்துக்கு அப்புறம் சிரிப்பு. "இனிமே பேச்சு நல்லா வருமா டாக்டர்?" என்று அம்மா கேட்டார். "இது பாலுக்குப் பண்ணதும்மா. பேச்சு அவன் பேசும்போது பார்க்கலாம்" என்றார். 1601லேயே எரோவாருக்குப் புரிந்த கணக்கு! அப்பத்தாவிடம் வசம்பு தடவ வேண்டாம் என்றும் சொன்னார். அவருக்குக் கோபம்தான்.

கிளம்பும்போது அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, "இவனுக்கும் அப்பவே வெட்டியிருக்கணும், இல்லையா?" என்றார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். தூக்கச் சொன்னார், தூக்கினேன். "இந்தத் தம்பிக்கு நாக்கு ஒட்டவே இல்லையே! ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்க, பழகினா வரும்" என்றார்.

பதினைந்து வருடமாக வீட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்ற என் நாக்கு அன்று விடுதலையானது. பல்லைத் தாண்டி நாக்கு வந்தும் பேச்சு வராத அந்த ரோம் ஆளை நினைத்துக்கொண்டேன். அவருக்கு அதன் பிறகு யாராவது உதவினார்களா என்று செல்சஸ் எழுதவில்லை. எனக்கு வரும் திங்கட்கிழமை முதல் வகுப்பு.

அடுத்த செமினாரில் "வரவு" வந்தால் சொல்கிறேன். வராவிட்டாலும் சொல்கிறேன், செல்சஸ் மாதிரி :)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். குழந்தைக்கு இப்படி இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். கூடவே, தாய்க்கு வலிக்கிறதா என்றும் கேளுங்கள்.