தொகுதி

‘தொகு’ என்றால் ஒன்றுசேர். அதோடு ‘தி’ விகுதி சேர்ந்து தொகுதி. பகுதி, மிகுதி, தகுதி எல்லாம் இதே வார்ப்பு. ‘தொகை’யும் இந்த வேரில் கிளைத்ததுதான்: எட்டுத்தொகை, மக்கள்தொகை.

தேர்தலில் தொகுதியும் மக்கள்தொகையும் பிரியாதவை. மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39, மகாராஷ்டிரத்துக்கு 48 என்ற பங்கீடு 1971 கணக்கெடுப்பின்படி வந்தது. 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆம் திருத்தம் அந்த எண்ணிக்கையை மாற்றத் தடைவிதித்தது. 84-ஆம் திருத்தம் அந்தத் தடையை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. எல்லைகள் மட்டும் மாறின. 2008 மறுவரையறையில் மும்பையின் மாட்டுங்கா சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. தனித்தொகுதியான தாராவியும், செம்பூரும் இன்று தென் மத்திய மும்பை மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகின்றன.

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குக் குடிவந்தவர் மகாராஷ்டிரக் கணக்கில்தான் சேர்கிறார். ஊரில் ஒரு தலை குறைகிறது. தடை நீங்கிப் புதிய கணக்கெடுப்பின்படி இடங்களைப் பங்கிடும்போது, பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலம், பிழைப்புக்கு ஆள் அனுப்பிய மாநிலம் அதற்காகவே குரலை இழப்பது அநீதி. தலைக்கணக்கு ஒன்றே அளவுகோலாகக் கூடாது.

மும்பைத் தமிழர்களே, நம் தலை மகாராஷ்டிரக் கணக்கில் சேர்ந்தாலும் நம் மொழி விடுபட வேண்டாம்: கணக்கெடுப்பவர் வரும்போது தாய்மொழி தமிழ் என்று தவறாமல் பதியுங்கள்.