எண்களாய் வந்த தமிழ்

தருமபுரி மாவட்டத்து நடுகற்கள் பலவற்றில் வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. கல் சிதையாமல் நிற்கிறது, எழுத்தும் தெளிவாய்த் தெரிகிறது. ஆயினும் பயிற்சியில்லாதவரால் படிக்க இயலாது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஏரியூரில் இதே அனுபவம் நமக்குக் கணினித் திரையில் வாய்த்தது. அந்நடுகற்களைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரை மின்னஞ்சல் இணைப்பாக வந்திருந்தது. திறந்தால் பக்கம் பக்கமாய்ப் பொருளற்ற குறிகள். எந்த எழுத்துரு என்று கேட்பதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

பிழை அஞ்சலுடையதன்று. கணினி எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணை அனுப்புகிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் இருபுறமும் உடன்பாடு வேண்டும். தொடக்ககால மின்னஞ்சல் 128 குறிகளை மட்டுமே அறியும். 1992இல் வந்த ‘மைம்’ நெறிமுறை, இணைப்புகளுக்கும் பிறமொழி எழுத்துகளுக்கும் வழி திறந்தது. குறியாக்கத்தின் பெயரை மடலின் தலைப்பிலேயே அறிவிக்கவும் இடந்தந்தது. ஆனால் அறிவிப்பதற்குத் தமிழில் பொதுப்பெயர் ஏது? ஊருக்கொரு மரக்கால் போல எழுத்துருவுக்கொரு குறியாக்கம் இருந்தது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்து அனுப்பினால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தோன்றும்.

இதனைத் தீர்க்கப் பலர் உழைத்தனர். உலகெங்குமுள்ள தமிழர் மின்னஞ்சல்வழி விவாதித்தே ‘திஸ்கி’ குறியாக்கத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியே ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரண்டு தரங்கள் பிறந்தன. தீர்வு மூன்றானபோது சிக்கலும் மும்மடங்காயிற்று. 1991இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வந்த பின்னரே அது நம் மேசைக்கு வந்தது. தமிழக அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்.

இன்றும் அலுவலக அஞ்சல்களில் இதன் நிழல் உண்டு. அவுட்லுக்கில் ‘ரிச் டெக்ஸ்ட்’ வடிவில் அனுப்பிய மடலின் இணைப்புகள், வேறு மென்பொருள் வைத்திருப்பவரிடம் ‘வின்மெயில்.டாட்’ என்ற ஒரே கோப்பாய்ப் போய்ச் சேர்வதுண்டு. வெளியாருக்குச் செல்லும் மடல்களை ‘எச்.டி.எம்.எல்.’ அல்லது வெற்றுரை வடிவில் அமைத்தால் அத்தொல்லை இல்லை. எழுத்துக் குறியாக்கம் யூ.டி.எஃப்-8 ஆக இருக்கட்டும். பி.டி.எஃப். ஆக்கும்போது எழுத்துருவை உட்பொதிக்க வேண்டும். அப்போதும் பழைய எழுத்துருவில் அடித்தது கண்ணுக்குத்தான் தமிழ். அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் மீண்டும் குறிகளே.

நண்பரின் கட்டுரையைக் குறியாக்க மாற்றிகள் பலவற்றில் இட்டுப் பார்த்து ஒருவாறு மீட்டோம். அடிக்குறிப்புகளை மட்டும் வேறோர் எழுத்துருவில் அடித்திருந்தார். அவை எதற்கும் மசியவில்லை. எந்தக் கல் எந்த ஊரில் நிற்கிறது என்பதையோ அவர் அடிக்குறிப்புகளுக்கே விட்டிருந்தார்.

வட்டெழுத்தைப் படிக்கக் கல்வெட்டறிஞர் உள்ளனர். நம் பழைய குறுவட்டுகளில் உறங்கும் கோப்புகளுக்கு அவற்றை அடித்தவரே அறிஞர். அவர் இருக்கும்போதே, எழுத்துருவின் பெயர் நினைவில் உள்ளபோதே, அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவோம்.