தூண்டில் கயிறும் கடன் கயிறும்



புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் வாழும் ஓர் இளைஞன், கரையோரக் கடலில் சூரை மீன் பிடிக்க முற்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கையில் பொருள் குறைவு. எந்தக் கருவியை அவன் முதலில் வாங்க வேண்டும்? இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, வரலாற்றுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும், ஒரு தலைமுறை தேர்ந்தெடுக்கும் கருவி அடுத்த தலைமுறையின் வாழ்வையும் கடலின் வளத்தையும் மாற்றிவிடுகின்றது. ஆதலின் இக்கேள்விக்குரிய விடையை நாம் வரலாற்றிலும் தேடுதல் தகும்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. அச்சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைந்தபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிந்து வந்த பகுதிகளோடு கடலும் வந்து சேர்ந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகியவை இக்கரையின் ஊர்கள். இவற்றின் முன்னே கிடப்பது பாக் விரிகுடா. அதன் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல்.

இனி மீனைப் பார்ப்போம். சூரை என்பது ஒரே மீன் அன்று. சூரை, எலிச்சூரை போன்றவை கரையை ஒட்டிய கடலில் கூட்டமாகத் திரிபவை. மஞ்சள் துடுப்புச் சூரையோ ஆழ்கடலில் உலவி, நூறு கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. எல்லாச் சூரை இனங்களுக்கும் பொதுவான இயல்புகள் சில உண்டு. அவை ஓயாமல் நீந்தினால்தான் மூச்சுவிட முடியும். அவற்றின் உடல், சூழ்ந்துள்ள நீரைவிட வெப்பம் மிகுந்தது. சாளை, நெத்திலி போன்ற சிறுமீன்களைத் துரத்தி உண்பது அவற்றின் வழக்கம். கரையோரச் சூரைக்கு வேண்டிய கருவி வேறு, ஆழ்கடற் சூரைக்கு வேண்டிய கருவி வேறு என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

தமிழரின் மீன்பிடிக் கருவிகள் மிகப் பழமையானவை. தூண்டில், வலை, எறியுளி, திமில் ஆகியவற்றைச் சங்க இலக்கியம் அறியும். அதற்கும் முற்பட்ட சிந்துவெளி நகரங்களில் செம்பினாலான தூண்டில் முட்கள் கிடைத்துள்ளன. நைலான் வருமுன்னர் கயிறும் வலையும் பருத்தியாலும் சணப்பு நாராலும் ஆனவை. உப்புநீரில் அவை விரைவில் மக்கிவிடும். ஆகவே மரப்பட்டைச் சாற்றில் தோய்த்தும், வெயிலில் உலர்த்தியும், கிழிசலைப் பின்னியும் நாள்தோறும் அவற்றைப் பேண வேண்டும். கருவியின் விலையில் பாதி காசு என்றால், மறுபாதி குடும்பத்தின் உழைப்பு எனலாம்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மீன் வணிகரின் முன்பணமாக வந்தது. முன்பணம் பெற்றவன் தான் பிடித்த மீனை அவ்வணிகரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேர்ந்தது. கருவி மக்கிப் போயிற்று, கடன் மக்கவில்லை. தூண்டில் கயிறு மீனைப் பிடித்தது, கடன் கயிறு மீனவனைப் பிடித்தது.

இந்த உண்மையை ஊன்றிக் கண்ட ஆங்கிலேய அதிகாரி ஒருவர் சென்னை மாகாணத்தில் இருந்தார். அவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். உழவர்களின் கடன் துயரை ஆராய்ந்து, கூட்டுறவுக் கடன் சங்கங்களை நிறுவ வேண்டும் என்று 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தவர் அவர். 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கு அவ்வறிக்கை வழிகோலியது. அவரே பின்னர் மாகாண மீன்துறைப் பணியை ஏற்று, ஜப்பான் சென்று அந்நாட்டு மீன்தொழிலைக் கண்டு, 1907-இல் அதுபற்றிக் குறிப்பும் வெளியிட்டார். உள்ள கருவிகளைப் படிப்படியாகச் சீர்திருத்துவதே நலம் என்பது அவருடைய நோக்கு. கடனை ஆராய்ந்தவரே மீன்தொழிலையும் ஆராய வந்தது நமக்கு ஒரு பாடம். கருவியைப் பற்றிய பேச்சு கடனைப் பற்றிய பேச்சாகவும் இருத்தல் வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி மாறுதல்கள் விரைந்து வந்தன. 1947 பிப்ரவரியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, மண்டபம் முகாமில் பல ஆண்டுகள் இயங்கிற்று. 1962 ஜனவரியில் அதே மண்டபத்தில், சூரையும் வஞ்சிரமும் அடங்கிய மீன் குலத்தைப் பற்றி அறிஞர்கள் கூடி ஒரு கருத்தரங்கம் நடத்தினர். நைலான் கயிறு பரவியது. மக்காத, எடை குறைந்த, வலிமை மிக்க அந்நூல் ஏழை மீனவனுக்குப் பெருந்துணையாயிற்று. 'தங்கூசி' என்னும் ஒற்றை நரம்பு, நீரில் எளிதில் தென்படாமையால் தூண்டிலுக்கு மிகவும் ஏற்றதாயிற்று.

அதே காலத்தில் விசைப்படகும் இழுவை வலையும் வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் கிடைத்த விலை பலரை அவ்வழியில் ஈர்த்தது. கடலடியைத் துடைத்துச் செல்லும் இழுவை வலை, ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் மீன் குஞ்சுகளையும் வாரிச் சென்றது. நாட்டுப் படகினருக்கும் விசைப்படகினருக்கும் பிணக்குகள் மூண்டன. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. 1974, 1976 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இந்திய இலங்கைக் கடல் எல்லையை வரையறுத்தபின், எல்லை கடந்த படகுகள் சிறைப்படும் துயரும் தொடர்கதையாயிற்று.

இதற்கு மாற்றாக அரசு கருதியது சூரை மீனையே. 2017 ஜூலையில் இராமேசுவரத்தில் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. புதுக்கோட்டை உள்ளிட்ட பாக் விரிகுடா மாவட்டங்களின் இழுவைப் படகுகளுள் 2,000 படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடற் சூரைப் படகுகளாக மாற்றுவது அதன் குறிக்கோள். அப்போது ஒரு படகின் மதிப்பு 80 இலட்சம் ரூபாயாக இருந்தது. இதில் மத்திய அரசு 40 இலட்சமும் மாநில அரசு 16 இலட்சமும் மானியமாக அளிப்பதாக இருந்தது. வங்கிக் கடன் 16 இலட்சம், மீனவரின் பங்கு 8 இலட்சம். எஞ்சிய 24 இலட்சம் மீனவரின் தோளிலேயே விழுந்தது என்பதைக் கணக்கறிந்த மாணவர் உணர்வர். ஓரிரவில் சென்று திரும்பிப் பழகியவர் பலநாள் கடலில் தங்கவும், நூற்றுக்கணக்கான முட்கள் தொங்கும் நெடுந்தூண்டிலைக் கையாளவும் புதிதாகப் பயில வேண்டியிருந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் குறித்த காலத்தில் அவ்விலக்கு எட்டப்படவில்லை.

இதனோடு வேறிரு கரைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். இலட்சத்தீவுகளைச் சேர்ந்த மினிக்காய்த் தீவினர், உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் தூவிச் சூரைக் கூட்டத்தை அழைத்து, கழியும் கயிறும் எதிர்முள் இல்லாத தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிப்பர். அம்மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியதே நம்மவர் அறிந்த மாசி. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் வாழ்ந்த இபின் பதூதா இத்தகைய உலர்மீனைக் குறித்து எழுதியுள்ளார். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவரோ, தூண்டிலில் பெற்ற திறமையைப் படிப்படியாக வளர்த்து ஆழ்கடலுக்குச் சென்றவர்கள். இவ்விரு கரைகளிலும் திறமை முன்னே சென்றது, செலவு பின்னே வந்தது.

ஆகவே நம் இளைஞனுக்கு வரலாறு கூறும் அறிவுரை இது. தனிப் படகு வாங்குவதை அவன் ஒத்திவைத்து, அனுபவமுள்ளவரின் பதிவுபெற்ற நாட்டுப் படகில் பங்காளியாகச் செல்லட்டும். அவன் வாங்க வேண்டியவை சில. கைத்தூண்டிலுக்குத் தக்க வலிய தங்கூசி நரம்பு, அதைச் சுற்றிவைக்க ஒரு கட்டை, கயிறு முறுக்கிக்கொள்ளாதிருக்கச் சுழலும் கண்ணி, துருப்பிடிக்காத கூரிய முட்கள் சில, ஓடும் படகின் பின்னே இழுத்துச் செல்ல வெள்ளிறகாலோ பளபளக்கும் தகட்டாலோ ஆன போலி இரை, விரல் அறுபடாமல் காக்கும் கையுறை. முள்ளின் அளவு மீனின் வாய்க்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். பெரிய முள் பெரிய மீனைத் தரும் என்பது வெறும் மயக்கம்.

இவற்றோடு இரண்டு பொருள்களை அவன் விட்டுவிடலாகாது. ஒன்று உயிர்காப்பு மேலாடை. மற்றொன்று பனிக்கட்டிப் பெட்டி. சூரையின் உடல் வெப்பமிக்கது என்றோம் அன்றோ? பிடித்தவுடன் குளிரூட்டாவிடில், அதன் தசையில் ஒவ்வாமை போன்ற நோயை விளைக்கும் நச்சுப்பொருள் உண்டாகும். சமைத்தாலும் அது நீங்காது. பனிக்கட்டி இல்லாத நல்ல தூண்டிலைவிட, பனிக்கட்டி உள்ள எளிய தூண்டிலே மிகுந்த விலையை ஈட்டும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் இக்கரையின் பிள்ளைகள். விடுமுறையில் முதிய மீனவரிடம் சென்று, அவர் முதன்முதலில் வாங்கிய கருவி எது, அதன் விலை என்ன, பணம் தந்தவர் யார், அக்கடன் தீர எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டு எழுதிவையுங்கள். அரசர்களின் போர்களுக்குக் கல்வெட்டுகள் உண்டு. ஒரு தூண்டிலின் விலைக்குக் கல்வெட்டு இல்லை. நீங்கள் எழுதினால்தான் அது நிலைக்கும். நாளை இக்கரைக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பு உங்களுள் ஒருவருக்கு வாய்க்குமாயின், அந்த ஏடு உங்களுக்கே வழிகாட்டும்.