முறையீடு குற்றமான கதை: அமெச்சூர் ரக்பியில் நடுவர் அவமதிப்பும் அதற்கான தண்டனையும்

ரக்பி வீரர்கள் நடுவரை ‘சார்’ என்று விளிப்பதும், தீர்ப்புப் பிடிக்காவிட்டாலும் வாய்திறவாமல் பின்வாங்குவதும் அவ்விளையாட்டின் பிறவிக்குணமாகவே பேசப்பட்டு வருகின்றன. கால்பந்து வீரர்களோடு தம்மை ஒப்பிட்டுப் பெருமிதம் கொள்வது ரக்பி வட்டாரங்களில் ஏறத்தாழ ஒரு சடங்கு. ஆனால் இம்மரியாதை கனவான்களின் வளர்ப்பிலிருந்து தானாக முளைத்ததன்று என்பதையும், நடுவரோடு வாதிடுபவருக்கு ஆடுகளத்திலேயே இழப்பு நேரும்படி விதிகள் படிப்படியாக வகுக்கப்பட்டதன் விளைவே அது என்பதையும் இங்கிலாந்தின் ரக்பி வரலாறு காட்டுகிறது.

ரக்பி பள்ளியின் மாணவர்கள் 1845-இல் எழுதிவைத்த விதிகளில் நடுவர் என்றொருவரே இல்லை. தகராறுகளை இரு அணித்தலைவர்களோ அவர்களால் அமர்த்தப்பட்டவர்களோ பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. 1871-இல் ரக்பி கால்பந்து ஒன்றியம் தோன்றிய பிறகும் இந்த மனப்போக்கு நீடித்தது. அணிக்கு ஒருவராக வந்த அம்பயர்களும் பின்னர் அவர்களுக்கு மேலாக வந்த நடுவரும் தாமாக ஆட்டத்தை நிறுத்துவதில்லை. விதி மீறப்பட்டதாக வீரர்கள் முறையிட்டால் மட்டுமே தீர்ப்புச் சொல்வர். ஆகவே, இன்று தண்டனைக்குரியதாக உள்ள வாக்குவாதம் அன்று ஆட்டமுறையின் ஓர் உறுப்பாகவே இருந்தது என்பதை மறந்துவிட்டுப் பழைய பண்பாட்டைப் புகழ்வது பொருந்தாது. 1884-இல் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே நடந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் பின்னோக்கித் தட்ட, அதை எடுத்துச் சென்று இங்கிலாந்து அணியினர் ‘ட்ரை’ எனப்படும் புள்ளியை ஈட்டினர். அவ்வாறு தட்டுவது தவறு, தம் அணியினரே செய்ததாயினும் ஆட்டம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்தும், தவறு செய்தவர் அதனால் ஆதாயம் அடையலாகாது என்று இங்கிலாந்தும் வாதிட்டன. களத்தில் எழுந்த இச்சச்சரவு ஒன்றியங்களுக்கிடையிலான பூசலாக வளர்ந்து, அடுத்த ஆண்டு அவ்விரு நாடுகளும் மோதாமலே போக, 1886-இல் சர்வதேச ரக்பி வாரியம் உருவாகவும் காரணமாயிற்று.

இதற்கிடையில் 1885-இல் நடுவருக்கு ஊதலும் அம்பயர்களுக்குக் கைத்தடிகளும் வழங்கப்பட்டன. 1890-களின் தொடக்கத்தில், எவரும் முறையிடக் காத்திராமல் தாமே ஆட்டத்தை நிறுத்தித் தண்டிக்கும் முழு அதிகாரம் நடுவருக்குக் கிடைத்தது. அம்பயர்கள் எல்லைக்கோட்டு உதவியாளர்களாகச் சுருங்கினர். முறையிடும் உரிமை வீரர்களிடமிருந்து பறிக்கப்பட்ட அக்கணத்தில்தான் முறையீடு என்பது அவமதிப்பாக மாறியது எனலாம். லண்டன் நடுவர் சங்கம் 1889-இல் தோன்றியதும், ஒரு கிளப்புக்கும் கட்டுப்படாத நடுவர்களை ஆட்டங்களுக்கு அனுப்பும் முறை வேரூன்றியதும் இதே காலகட்டத்தில்தான்.

ஆயினும் அதிகாரத்தை ஏட்டில் எழுதுவதால் மட்டும் வாய்கள் அடங்குவதில்லை. அவற்றை அடக்கியது நிலப்பரப்பு. ஒரு அணிக்கு எதிராகத் தண்ட உதை வழங்கப்பட்டதும் அவ்வணி பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். அப்போது யாரேனும் முணுமுணுத்தால் நடுவர் உதைக்குரிய இடத்தை மேலும் பத்து மீட்டர் முன்னே நகர்த்துவார். கோல் கம்பங்களிலிருந்து ஐம்பது மீட்டர் தொலைவில், அமெச்சூர் உதையாளர் பலருக்கும் எட்டாத இடத்தில் கிடைத்த உதை, எதிரணியின் ஒரு சொல்லால் நாற்பது மீட்டருக்கு வந்து மூன்று புள்ளிகளுக்கான வாய்ப்பாகிவிடுகிறது. பேசியவரை நடுவர் கண்டிப்பதற்கு முன்பே சக வீரர்கள் அவர் வாயைப் பொத்துவதன் காரணம் இதுவே. இதே முறை இங்கிலாந்துக் கால்பந்தில் 2000 முதல் சோதிக்கப்பட்டு 2005-இல் கைவிடப்பட்டது. கால்பந்தில் உதைக்கும் இடம் கோலுக்கு மிக நெருங்கிவிட்டால் தடுப்புச் சுவரின் மேலாகப் பந்தை எழுப்பி இறக்குவது கடினமாகிவிடுவதால், பத்து கெஜ முன்னேற்றம் அங்கே தண்டனையாகவே உறைக்கவில்லை. ஆகவே ஒழுக்கத்தில் இரு விளையாட்டினருக்கும் உள்ளதாகச் சொல்லப்படும் வேறுபாட்டில் கணிசமான பங்கு ஆடுகளக் கணக்கைச் சார்ந்ததாகவே தோன்றுகிறது.

பத்து மீட்டருக்கு அடங்காதவருக்கு பத்து நிமிட வெளியிருப்பைக் குறிக்கும் மஞ்சள் அட்டையும், ஆட்டத்திலிருந்தே நீக்கும் சிவப்பு அட்டையும் உள்ளன. அதன்பின் நடுவர் எழுதும் அறிக்கை, அமெச்சூர் ஆட்டமாயின் மாவட்ட ஒழுங்குக் குழுவிடம் செல்கிறது. குழு பின்பற்றும் அட்டவணையில் நடுவரை வசைபாடுவதற்குக் குறைந்த நிலையில் ஆறு வாரத் தடையும், மிரட்டலுக்கு பன்னிரண்டு வாரமும், உடல்ரீதியான தாக்குதலுக்கு இருபத்துநான்கு வாரமும் தொடக்கமாக வைக்கப்பட்டுள்ளன. கடைசிக் குற்றத்துக்கு உச்ச தண்டனை ஆயுட்காலத் தடை. இத்தாலியின் இரண்டாம் நிலைக் கிளப் ஆட்டமொன்றில் 2016 டிசம்பரில் பெண் நடுவரைப் பின்னாலிருந்து மோதி வீழ்த்திய வீரருக்கு மூன்று ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

இவையெல்லாம் கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்குப் பொருந்துபவை. கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளருக்கும் பெற்றோருக்கும் பார்வையாளருக்கும் இழப்பதற்குப் பத்து மீட்டர் இல்லை. 2002-இல் டர்பனில் மைதானத்துக்குள் ஓடிவந்த பார்வையாளர் ஒருவர் அயர்லாந்து நடுவர் டேவிட் மெக்ஹ்யூவைத் தாக்கித் தோள்மூட்டை விலகச் செய்தார். 2021-இல் தென்னாப்பிரிக்க ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸ், நடுவர் நிக் பெரியின் தீர்ப்புகளைக் குறைகூறும் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட காணொளி பரவியதை அடுத்துத் தண்டிக்கப்பட்டார். தொழில்முறை ரக்பியில் இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகு காவலும் காமிராவும் வழக்கறிஞரும் துணைக்கு வருவர். வார இறுதியில் பயணப்படியை மட்டும் பெற்றுத் தன் காரில் தனியாக வந்து, முப்பது வீரர்களிடையே ஒற்றையாளாக நின்று ஊதும் தன்னார்வ நடுவருக்கு அவை எதுவும் இல்லை. எல்லைக்கோட்டில் கொடி பிடிப்பவர்கூட அனேகமாக ஏதேனும் ஒரு கிளப்பின் ஆள்.

கோட்டோரத்தில் நின்று திட்டியவரின் பெயர் அந்த நடுவருக்குத் தெரியாது. திட்டியவர் ஒன்றியத்தில் பதிவு பெற்ற வீரராகவும் இருக்கத் தேவையில்லை. இச்சிக்கலுக்கு ஒழுங்கு விதிகள் கண்ட வழி, பார்வையாளரின் நடத்தைக்கு அவர் சார்ந்த கிளப்பைப் பொறுப்பாக்கி, விளையாட்டின் நலனுக்குக் குந்தகம் விளைவித்ததாக அதன்மீதே குற்றம் சாட்டுவதாகும். நேர்த்தியான நீதி இதுவல்ல என்பதில் ஐயமில்லை. ஆனால் கோட்டோரத்தில் இரைந்தவரைத் தேடிப்பிடித்து அடையாளம் காட்டும் வேலை தன்னார்வ நடுவரின் தலையிலிருந்து இறங்கி, இரைந்தவரை அறிந்தவர்களான கிளப் செயலாளரிடமும் குழுவினரிடமும் வந்து சேர்கிறது.