அறியாமையா, பேதைமையா? அப்பரின் திருவாரூர்ப் பதிகம் ஒன்று

நான்காம் திருமுறையின் ஐந்தாம் பதிகத்தில் அப்பர் தம் சமண வாழ்வைப் பத்து உவமைகளால் பழித்துக்கொள்கிறார். பத்துக்கும் 'அறியாமை' என்றே பொருள் கண்டு அமைவது நெடுநாள் வழக்கு. பதிகச் சொற்கள் அதற்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பழம் இருக்கக் காயைக் கவர்ந்தது, அறம் இருக்க மறத்தை விலைகொடுத்து வாங்கியது, விளக்கு இருக்க மின்மினியில் குளிர்காய்ந்தது, தவம் இருக்க அவம் செய்து தருக்கியது, கரும்பு இருக்க இரும்பைக் கடித்தது: ஐந்திலும் நல்லது பக்கத்திலேயே இருக்கிறது. முயலை விட்டுக் காக்கையின் பின் போனதையும் இவற்றோடு சேர்க்கலாம். இல்லாததை அறியாமல் அலைந்தவன் கதையன்று இது. இருப்பதை விட்டவன் கதை. ஏதத்தைக் கைக்கொண்டு ஊதியத்தைப் போகவிடுவதே பேதைமை என்று வள்ளுவர் 831ஆம் குறளில் வகுத்த இலக்கணம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

முதல் உவமை 100ஆம் குறளில் உள்ளதே. ஆனால் அப்பர் அதனோடு நிற்கவில்லை, தம்மைக் 'கள்வன்' என்கிறார். கள்வன் தான் எடுப்பது இன்னதென்று அறிந்தே எடுக்கிறான். அறியாமல் எடுத்தவனை யாரும் அப்பெயரால் அழைப்பதில்லை. மோனைக்காக வந்த சொல் என்பார்க்கு விடை எளிது: 'கயவன்' என்றிருந்தாலும் மோனை கெட்டிராது. இவை வெறும் பழமொழிகள் என்ற தடையும் நிற்காது. பழமொழியே ஆயினும் எதைத் தேர்ந்தார் என்பது புலவர் செயல்தான்.

எஞ்சிய நான்கில் வழக்கமான உரைக்கு ஓரளவு இடமுண்டு. பனிநீரால் பாவை செய்ய முயன்றதும், இருட்டறையில் மலட்டுப் பசுவைக் கறந்ததும், பாழூரில் பிச்சைக்குப் போனதும் பயன் அறியாத முயற்சிகள். பிறன் போரில் சிக்கிய இடத்தில் 'ஆதன்' என்றே தம்மைச் சொல்கிறார். அது அறிவிலியைக் குறிக்கும் சொல். ஆகவே பதிகத்தில் அறியாமையே இல்லை என்பது என் வாதமன்று. அது ஒரு பகுதி மட்டுமே. தவத்தை விட்டுத் தருக்கியதாகச் சொல்லும் இடமோ புல்லறிவாண்மையைத் தொடுகிறது.

தில்லையில் அரங்கேறிய பெரியபுராணமும் இந்த வாசிப்புக்குத் துணைதான். சேக்கிழார் காட்டும் தருமசேனர், அதாவது சமணராயிருந்த அப்பர், இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூராகிய பாடலிபுத்திரத்தில் சமண நூல்களைக் கற்றுத் தேர்ந்து தலைமை ஏற்றவர். ஓதி உணர்ந்து பிறர்க்கும் உரைத்துத் தான் அடங்காதவனைவிடப் பெரிய பேதை இல்லை என்கிறது 834ஆம் குறள். பேதைமையை 'யாதும் அறியாமை' என்று விளக்கிய பரிமேலழகர் உரை இக்குறளிலேயே இடறுகிறது. அவ்வுரையைத் தேவாரத்துக்குக் கொண்டுவந்ததால் நேர்ந்த பிழை இது.

பதிப்பாசிரியர்கள் இனியேனும் பத்துப் பாட்டுக்கும் தனித்தனியே பொருள் காண வேண்டும். முதற்பாட்டின் உரையிலிருந்து 'அறியாமை' நீங்க வேண்டும்.