தேவரடியார்

தேவர் + அடியார். சிவனடியார் போலவே கட்டப்பட்ட சொல். கடவுளின் திருவடியைச் சார்ந்தவர் என்பது பொருள். இன்று கோவைத் தெருச் சண்டையில் அது 'தேவடியா' எனத் தேய்ந்து வசவாக விழுகிறது.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட தேவரடியார் நானூறு பேரை அமர்த்தி, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் விட்டதைக் கல்வெட்டில் ஊரும் பேருமாகப் பொறித்தான். இழிவென்று கருதியிருந்தால் கல்லில் வெட்டுவானா? அவிநாசியில் முதலை உண்ட பிள்ளையை மீட்ட சுந்தரர் மணந்த பரவையார், பெரிய புராணப்படி, சிவன் கோயில் பணிக்குரிய உருத்திர கணிகையர் குலத்தவர். கொங்கு மக்கள் கொண்டாடும் நாயனாரின் வீட்டம்மா!

பெண்களைக் கோயில் பணிக்கு விடும் வழக்கம் கொங்கில் அண்மைக் காலம்வரை நீடித்தது. கோயம்புத்தூர்க் கைக்கோளரில் இசைவாணர் குடும்பங்கள் வீட்டுக்கொரு பெண்ணைக் கோயிலுக்கு விட்டு, ஆட்டமும் பாட்டும் கற்பித்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் காணலாம். கோயில் வருவாய் சுருங்கி, புரவலர் கை ஓங்கியபோது கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கான பொட்டுக்கட்டு பல பெண்களுக்குப் பொறியானது. அந்த வாழ்க்கையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் அதை நாவலாக்கினார். முத்துலட்சுமி ரெட்டி அதை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடினார். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்தது.

வழக்கம் போயிற்று, வசவு மட்டும் தங்கிவிட்டது. ஆணைத் திட்டவும் அவன் தாயையே இழுக்கும் வசவு அது. வீடு தேடிப் போன மைனருக்கு அப்படியொரு சுடுசொல் இல்லை.